புலமையும் தேர்வும்: கும்பகோணம் கல்லூரி காட்டும் வரலாறு

மாணாக்கன் ஒருவன் புலமை நிரம்பும் வழியை நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு கணக்காகவே வகுத்துக் காட்டுகிறது. ஆசிரியர் உரைப்பதைப் பழுதறக் கேட்டு மனங்கொண்டாலும் அதனால் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகி, வினவியும் விடையிறுத்தும் பெறுவது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கும், கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும் போதுதான் வந்து சேரும். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்றிய நூல் இது. நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்கும் முறை என ஐந்தையும் நிரல்பட உரைக்கும் அப்பாயிரம், தேர்வாளர் என ஒருவர்க்குப் பங்கு ஏதும் ஒதுக்கவில்லை. மறதியால் நேர்ந்த விடுபாடாக இதனைக் கொள்ள இயலாது. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி என்று தரம் பிரித்துக் காணும் நுட்பம் அந்நூலுக்கு உண்டு. ஆயினும் அத்தரத்தை அறிவதற்கு ஒரு நாளும் ஓர் அறையும் வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. பல்லாண்டு உடனிருந்து காணும் ஆசிரியனின் கண்ணே போதும் என்பது அக்காலக் கொள்கை.

இதனால் பழந்தமிழர் சோதனையே அறியாதவர் என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. சோதனை இருந்தது, ஆனால் சோதிக்கப்பட்டது ஆளன்று, நூல். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறியதாகச் சிறப்புப்பாயிரம் கூறும். இறையனார் களவியலுக்கு நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டு, எவருரை மெய்யுரை என்று அறிய மாட்டாது மயங்கியபோது, வாய் பேசாத ஐந்து வயதுச் சிறுவனாகிய உருத்திரசன்மன் முன் அவற்றைப் படித்தனர் என்பது அவ்வுரைநூலே சொல்லும் கதை. நக்கீரர் உரை கேட்டு அச்சிறுவன் மெய்ம்மயிர் சிலிர்த்துக் கண்ணீர் வார்ந்தானாம். மதிப்பெண்ணுக்குப் பதிலாகக் கண்ணீரை அளவையாகக் கொண்ட தேர்வு உலகில் வேறெங்கேனும் உண்டோ, அறியோம். காஞ்சியில் கந்தபுராணம் அரங்கேறிய நாளில், காப்புச் செய்யுளின் முதற் சொற்புணர்ச்சிக்கே விதி எங்கே என்று ஒருவர் தடை எழுப்ப, மறுநாள் வீரசோழியத்திலிருந்து அதற்கு விதி காட்டப்பட்டது என்றொரு மரபுச் செய்தியும் உண்டு. இக்கதைகளின் வரலாற்று உண்மை வேறு செய்தி. அவை காட்டும் முறையே இங்குக் கருதத்தக்கது. தடை கூறுபவர் முகம் மறைத்திருப்பவர் அல்லர். விடை கூற அவகாசம் உண்டு. தடை தவறென்றால் நாணுபவரும் தடை கூறியவரே. அரங்கேற்றத்தில் நூலாசிரியனோடு அவையும் சேர்ந்தே சோதனைக்கு உள்ளாயிற்று.

இம்முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை உயிரோடிருந்தது. 1893ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் புலவர் கூடிய அவையில் பதினொரு வயதுச் சிறுவன் சுப்பிரமணியன் பாடிக் காட்டிப் பெற்ற பெயரே பாரதி என்பது. தமிழுக்கென அவர் பெற்ற பட்டம் அதுவொன்றே.

பழைய முறையின் நிறைவை அறிய விரும்புவோர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்வை நோக்குதல் வேண்டும். 1815இல் பிறந்து 1876இல் மறைந்த அப்பெருமகனார் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். தண்டியலங்காரம் கற்க விரும்பி, அந்நூலில் வல்ல ஒரு பரதேசியை அணுகி, அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்களிலெல்லாம் உடன் நடந்து பாடங்கேட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக அமர்ந்து, தம்மை நாடி வந்தோர்க்கெல்லாம் சோறும் பாடமும் வழங்கினார். 1871இல் அவரை வந்தடைந்த உ. வே. சாமிநாதையர், ஆசிரியரின் இறுதி நாள் வரை உடனிருந்து, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். இன்ன நாளுக்குள் இவ்வளவு என்ற வரையறை அங்கில்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூல். ஆசிரியர் புதிதாகப் பாடும் புராணத்துச் செய்யுட்களை அவர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவதும் பாடமே. இளையோர்க்குப் பாடம் சொல்வதும் பாடமே. நன்னூலின் கால், கால், அரை என்னும் கணக்கு அங்கே கண்கூடாக நிகழ்ந்தது.

அக்கணக்கில் சேராத வேறொரு முறை கடல் கடந்து வந்திருந்தது. 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையில் சார்லசு வுட் வகுத்தளித்த திட்டப்படி, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுக்கு மாதிரியாக அமைந்தது ஆக்சுபோர்டோ கேம்பிரிட்சோ அன்று. அந்நாளைய இலண்டன் பல்கலைக்கழகம். பாடம் சொல்லுவது அதன் வேலையன்று. தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே அதன் வேலை. சென்னைப் பல்கலைக்கழகமும் அவ்வாறே தொடங்கிற்று. கற்பித்தல் பணியை மேற்கொள்ளும் உரிமையை 1904ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குத் தெளிவாக அளித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், இந்நாட்டின் மிக உயர்ந்த கல்வி நிலையம் என்று போற்றப்பட்ட ஒன்று, கற்பிக்காமல் வினவ மட்டுமே செய்தது. நன்னூல் ஒரு பங்கும் தராத தேர்வாளர், இங்கே நான்கு பங்கையும் தாமே எடுத்துக் கொண்டார்.

இம்முறைக்குப் பின்னே ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள் அதன் இயக்குநர்களின் உறவினர்க்கும் வேண்டியவர்க்கும் பரிந்துரையால் கிடைத்து வந்தன. 1855 முதல் அப்பதவிகளுக்குப் போட்டித் தேர்வு வந்தது. பரிந்துரைக் கடிதத்தைத் தோற்கடிக்கக் கண்ட கருவியே விடைத்தாள். பெயரை மறைத்து எண்ணை மட்டும் தாங்கி வரும் அத்தாளுக்குச் சாதியில்லை, தந்தை பெயரில்லை, ஊரில்லை. ஆள் தெரியாமல் மதிப்பிடுவதே அதன் அறம். ஆள் தெரியாமல் மதிப்பிடுவதே அதன் குறையுமாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் வென்றவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. வட்டுக்கோட்டைக் கல்லூரியில் முன்னவர் ஆசிரியர், பின்னவர் மாணாக்கர். குருவும் சீடரும் ஒரே தேர்வை எழுதினர் என்பதே பழைய உலகம் புரண்டு படுத்ததற்கு அடையாளம். ஆங்கிலத் தேர்வில் முதன்மை பெற்ற தாமோதரம் பிள்ளை அதன்பின் செய்தது என்ன? ஏடுகளைத் தேடினார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என அடுத்தடுத்துப் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளைக் கண்டு அவர் பதிப்புரைகளில் கதறிய கதறல் தமிழுலகம் நன்கறிந்தது. தேர்வு வழிக் கல்வி பெற்றவரெல்லாம் தமிழை மறந்தனர் என்று பொதுப்படக் கூறுவோர் இவரை நினைவிற்கொள்வது நலம்.

இவ்விரண்டு முறைகளும் நேருக்கு நேர் சந்தித்த இடம் கும்பகோணம். காவிரிக் கரையில் 1854ஆம் ஆண்டு பள்ளியாகத் தோன்றிக் கல்லூரியாக வளர்ந்து, தென்னாட்டுக் கேம்பிரிட்சு என்று புகழப்பெற்ற அரசினர் கல்லூரியில், தமிழாசிரியராக விளங்கியவர் தியாகராச செட்டியார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். உடல்நலம் குன்றி ஓய்வு பெற விரும்பிய அவர், தம் இடத்தில் தம் ஆசிரியரின் கடைசி மாணாக்கர்களுள் ஒருவரான சாமிநாதையரை அமர்த்த வேண்டும் என்று உறுதி பூண்டார். சாமிநாதையரிடம் பட்டம் இல்லை. ஆங்கிலக் கல்வி இல்லை. சான்றிதழ் என்று காட்ட ஒரு தாளும் இல்லை. 1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கல்லூரித் தலைவர் கோபாலராவ் முதலிய பேராசிரியர்கள் முன்னிலையில் இளைஞர் சாமிநாதையர் அழைத்துச் செல்லப்பட்டார். பாடல்களைச் சொல்லச் செய்து பொருள் கேட்டனர். செய்யுள் இயற்றும் ஆற்றல் உண்டா என்றும் பார்த்தனர். கற்பிக்கும் திறனையும் கண்டனர். மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் வேலை கிடைத்தது. பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் கல்லூரி ஒன்று, தன் ஆசிரியரை அவையேற்றும் பழைய முறையால் தேர்ந்து கொண்டது.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் மற்றொரு சோதனை நேர்ந்தது. அதுவே தமிழ் வரலாற்றில் நிலைத்த சோதனை. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகளும் கோவைகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக நீண்ட பட்டியலை ஐயர் ஒப்பித்தார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை, சிந்தாமணி ஏட்டைக் கண்டதும் இல்லை. பல்லாண்டுக் கல்வி அந்தச் சிறு அறையில் தோற்று நின்றது. தோல்வியை மறைக்காமல் தம் சரித்திரத்தில் விரிவாக எழுதி வைத்தது அவர் பெருமை.

ஆனால் இங்கே பலரும் கவனிக்காமல் கடந்து செல்லும் செய்தி ஒன்றுண்டு. முன்சீப்பு முதலியாருக்குச் சிந்தாமணி எப்படித் தெரியும்? அவர் கல்லூரியில் பயின்ற காலத்தில் அக்காப்பியத்தின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகம் தேர்வுக்குப் பாடமாக இருந்தது. அப்பகுதியை மட்டும் ஹென்றி பவர் பாதிரியார் 1868இல் உரையோடு அச்சிட்டிருந்தார். சிந்தாமணியில் இலம்பகங்கள் பதின்மூன்று. தேர்வுக்கு வேண்டியது ஒன்று. ஆகவே அச்சேறியதும் அந்த ஒன்றே. எஞ்சிய பன்னிரண்டும் ஏட்டில் கிடந்தன. பரீட்சைக்காகத் துண்டாக்கப்பட்ட ஒரு காப்பியத்தின் சுவை கண்ட மாணவர் ஒருவர், முழுமையையும் கற்க வேண்டும் என்று ஏங்கி, ஒரு கையெழுத்துப் படியைத் தேடிப் பெற்று, பாடம் சொல்லுவாரின்றிக் காத்திருந்தார். அவரே சாமிநாதையரிடம் அப்படியை நீட்டியவர்.

எனவே இந்நிகழ்ச்சியை மரபுக் கல்வியின் வெற்றி என்றோ தேர்வுக் கல்வியின் வெற்றி என்றோ ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்ல இயலவில்லை. மடத்துக் கல்வி ஆழமானது. ஆனால் அதன் எல்லைக்குள் சமண காப்பியம் வரவில்லை. தேர்வுக் கல்வி பரப்பானது. சமயம் பாராமல் சிந்தாமணியைப் பாடமாக வைத்தது. ஆனால் ஓர் இலம்பகத்தோடு நின்றது. துண்டைக் கண்டவர் முழுமையைக் கேட்டார். முழுமையைக் கற்கும் பயிற்சி உடையவர் அதை ஏற்றார். சாமிநாதையருக்குச் சமண நண்பர்கள் விளக்கம் தந்தனர். ஏடுகள் வந்து குவிந்தன. 1887இல் சீவக சிந்தாமணி முழுமையும் நச்சினார்க்கினியர் உரையோடு வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன. பத்து மணிக்குக் கல்லூரிக்குச் சென்று தேர்வுப் பாடம் நடத்தி, வீடு திரும்பி ஏடு ஒப்பிட்ட ஒருவரின் உழைப்பு இவையெல்லாம்.

சிந்தாமணி வெளிவந்த அதே 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் ஒரு குழந்தை பிறந்தது. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த அக்குழந்தையே கணிதமேதை சீனிவாச இராமானுசன். அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பல பெற்று, 1904இல் உதவித்தொகையோடு அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்றிருந்தார். ஓராண்டு இடைவெளியில் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பு நழுவிற்று.

இராமானுசன் கணிதம் ஒன்றிலேயே மூழ்கினார். ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினார். விதிப்படி உதவித்தொகை நின்றது. 1905இல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை ஓடினார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதத்தில் மேம்பட்டு, உடலியல் முதலிய பாடங்களில் விழுந்தார். எப்.ஏ. தேர்வில் அவ்வாண்டும் தோல்வி, 1907இலும் தோல்வி. அதன்பின் சில ஆண்டுகள் வேலையின்றி நோட்டுப் புத்தகங்களோடு அலைந்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 சனவரியில் கேம்பிரிட்சைச் சேர்ந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

கும்பகோணம் கல்லூரி இதில் தவறிழைத்தது என்று இன்று எளிதில் பழித்துவிடலாம். ஆனால் அது தன் விதியின்படியே நடந்தது. மதிப்பெண் பட்டியலில் மேதைக்கென்று ஒரு கட்டம் இல்லை. 1880இல் அதே கல்லூரியில் கோபாலராவும் பிறரும் ஓர் இளைஞனை எதிரே அமர்த்திப் பார்த்தார்கள். விதியைத் தளர்த்தும் உரிமை அவர்களிடம் இருந்தது. கால் நூற்றாண்டு கழிந்தபின் அவ்வுரிமை மனிதர் கையிலிருந்து நழுவி அச்சிட்ட விதிநூலுக்குள் புகுந்துவிட்டது. கணித ஆசிரியருக்கு மாணவனின் ஆற்றல் தெரியாமல் இல்லை. தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லாத நிலையே புதிது.

இங்கும் ஒரு வியப்பு உண்டு. இராமானுசனின் உள்ளத்தைத் திறந்த நூல் எது? கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல். சில ஆயிரம் தேற்றங்களையும் வாய்பாடுகளையும் விளக்கமின்றி வரிசையாக அடுக்கிய அந்நூலின் ஆசிரியர், கேம்பிரிட்சுக் கணிதத் தேர்வுக்கு மாணவர்களைத் தயாரிக்கும் தனிப்பயிற்சி ஆசிரியர். அதாவது, தேர்வு எழுதுவோர்க்கு உதவுவதற்கென்றே எழுந்த நூல். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நோட்ஸ். விளக்கம் இல்லாத குறையே இராமானுசனுக்கு நிறைவாயிற்று. ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவ வேண்டியிருந்தது. நாமகள் இலம்பகத்தைப் போலவே இங்கும் தேர்வின் உபபொருள் ஒன்று, தேர்வு எதிர்பாராத கையில் விழுந்து முளைத்தது. கடிதத்தைப் பெற்ற ஹார்டியோ, கேம்பிரிட்சுத் தேர்வில் நான்காம் இடம் பெற்றும் அத்தேர்வு முறையைக் கடுமையாக எதிர்த்தவர். வென்றோரைத் தரவரிசைப்படி அறிவிக்கும் பழைய வழக்கம் அங்கு 1909ஆம் ஆண்டோடு நின்றது. அதற்காகப் போராடியோருள் அவர் ஒருவர். தேர்வில் தோற்றவரை அடையாளம் காணத் தேர்வில் வென்று அதை வெறுத்தவரின் கண் வேண்டியிருந்தது. பட்டமில்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரச் சென்னைப் பல்கலைக்கழகமும் 1913இல் முன்வந்தது. மாதம் எழுபத்தைந்து ரூபாய். இதனையும் அதன் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

இதற்கிடையில் தமிழ்ப் புலவர்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். 1901 செப்டம்பர் 14ஆம் நாள் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். மதுரை மாநகரில் திருக்குறளும் கம்பராமாயணமும் தேடியும் கிடைக்காத வேதனையே அதற்குத் தூண்டுகோல் என்பர். பாண்டியன் புத்தகசாலை, சேதுபதி செந்தமிழ்க் கலாசாலை, அச்சகம், செந்தமிழ் இதழ் என்று பல துறைகளிலும் பணி தொடங்கிய அச்சங்கம், தேர்வு நடத்துவதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிகள். சங்கப் பலகையின் ஊரில், நூலைச் சோதித்த மரபின் பெயரால், இப்போது ஆளைச் சோதிக்கும் தேர்வு வந்தது. மரபில் ஊறிய புலவர்கள் ஏன் இதை ஏற்றனர் என்பது எண்ணத்தக்கது. ஆங்கிலப் பட்டம் பெற்றவர் கையில் தாளொன்று இருந்தது. தமிழ்ப் புலவர் கையில் ஒன்றுமில்லை. பள்ளி ஆய்வாளர் முன் நிற்கும்போது, இன்னாரிடம் பாடங்கேட்டேன் என்ற சொல் செல்லாக் காசாகிக் கொண்டிருந்தது. தமிழாசிரியர்க்கு மதிப்பும் ஊதியமும் குறைந்திருந்த அக்காலத்தில், தேர்வுச் சான்றிதழ் ஒரு தற்காப்பு.

தற்காப்பாகத் தொடங்கியது வாயிலாகவும் அமைந்தது. ஆதீனங்களின் நிழலில் அமர்ந்து பாடங்கேட்கும் பேறு எல்லார்க்கும் எளிதில் வாய்த்ததன்று. குலம், சமயம், ஊர், உண்டியுறையுள் என்று எத்தனையோ தடைகள். அஞ்சலில் விண்ணப்பம் அனுப்பித் தேர்வெழுதுவதற்கு அத்தடைகள் இல்லை. ஈழத்து மயில்வாகனனார் 1916இல் மதுரைச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். அவரே பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அணி செய்தார். யாழ் நூல் இயற்றிய அவரிடம், பண்டிதர் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியல் பட்டமும் ஒருசேர இருந்தன. 1924இல் அதே தேர்வில் வென்றவர் ஞா. தேவநேயன், மொழிஞாயிறு பாவாணர் என்று பின்னர் அறியப்பட்டவர். கிறித்தவக் குடியில் பிறந்து சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவர்க்கு எந்த மடம் எளிதில் இடம் தந்திருக்கும்? யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையும் 1926இல் மதுரைப் பண்டிதரானவர்.

ஆயினும் பெற்றதோடு இழந்ததையும் எண்ணுதல் முறை. பாடப்பகுதி என்னும் சொல் வந்தபின் நூல் என்னும் சொல் சுருங்கிற்று. புறநானூறு முழுதும் அச்சில் இருந்தும், மாணவன் கையில் இருப்பது முப்பது பாட்டு. உரையாசிரியர் என்றால் நச்சினார்க்கினியரும் சேனாவரையரும் நினைவுக்கு வந்த நாட்டில், வினா விடை எழுதுவோர் உரையாசிரியராயினர். பி.ஏ. தவறியவர் என்பதையே ஒரு தகுதியாக விண்ணப்பத்தில் எழுதிய தலைமுறையும் இங்கு வாழ்ந்தது. தோல்விக்கும் விலையிருந்த சந்தை அது. செய்யுள் இயற்றும் பயிற்சி எல்லாவற்றுக்கும் மேலான இழப்பு. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவன் பாடவும் கற்றான். யாப்பு அவனுக்குக் கைப்பழக்கம். தேர்வு வந்தபின் யாப்பிலக்கணம் அலகிட்டு வாய்பாடு கூறும் வினாவாக, ஐந்து மதிப்பெண்ணாக நின்றது. வெண்பாவின் இலக்கணத்தைப் பிழையற எழுதி முழு மதிப்பெண் பெற்று, வாழ்நாளில் ஒரு வெண்பாவும் பாடாத புலவர் தோன்றியது இதற்குப் பின்னரே. கவிஞர் கூடும் அவையில் இதனைச் சொல்லாமல் விடுதல் இயலாது.

1919இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற சாமிநாதையர், 1924இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவரானார். 1927 வரை அப்பொறுப்பில் இருந்தார். தேர்வு எதனையும் எழுதிப் பதவிக்கு வராத அவர், பட்டம் நாடி வந்த மாணவர்க்குத் தலைமை தாங்கினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வழங்கிற்று.

மூன்றாண்டு கழித்து, 1935இல், அதே பல்கலைக்கழகத்தின் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதல்வராக வந்தவர் திருப்பத்தூரைச் சேர்ந்த ஓர் இளைஞர். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, உடல்நலம் கெட்டு அவ்வேலையை விட்டவர். கல்லூரி வாயிலை மிதிக்காமல், முருகைய முதலியாரிடம் பாடங்கேட்டுத் தனித்தேர்வராக எழுதி வென்றவர். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்பனந்தாள் மடம் அவ்வெற்றிக்கு ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. தம் நிழலில் புலவரை வளர்த்த மடங்களின் மரபில் வந்த ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வில் வென்றவரைப் பாராட்டிற்று. அவ்விளைஞரே மு. வரதராசன். இராமானுசன் விழுந்த பச்சையப்பன் கல்லூரியில் 1939இல் அவர் தமிழ் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.